பழைய ரைஃபிள் வாங்கலாமா? முதலில் சிலிண்டரைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. தூத்துக்குடியில் இருக்கிறோம். ஒன்றரை வருஷமாக ஓபன் சைட் ஏர் ரைஃபிள் சுட்டுக்கொண்டிருந்தவளை இப்போது பீப் சைட்டுக்கு, அதாவது சின்னத் துளை வழியே குறி பார்க்கும் ரைஃபிளுக்கு, மாறச் சொல்கிறார் கோச். கிளப்பில் இருக்கும் ஒரே ரைஃபிளை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். புதுசு என்றால் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மதுரையில் ஒருவர் தன்னுடைய ஜெர்மன் ரைஃபிளை 1,10,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா சார்? லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? கடற்கரை ஊர் என்பதால் துருப்பிடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: வாங்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த மதுரைக்காரரிடம் ஒரே ஒரு போட்டோ கேளுங்கள். குழலுக்குக் கீழே இருக்கும் காற்றுச் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தயாரித்த மாதமும் வருஷமும் அங்கே இருக்கும். போட்டி ரைஃபிள் செய்யும் ஜெர்மன், ஆஸ்திரியக் கம்பெனிகள் பொதுவாகத் தங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் ஆயுள் 10 வருஷம். அதன் பிறகு அது 200 பார் அழுத்தத்தைத் தாங்குமா என்பதற்குக் கம்பெனி பொறுப்பேற்காது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியும் சிலிண்டர் தேதிக்குச் சுடுபவரையே பொறுப்பாக்குகிறது. ஆயுதப் பரிசோதனை மேஜையில் அதிகாரி தேதி முடிந்த சிலிண்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டால், அன்றைக்கு உங்கள் மகளுக்கு மேட்ச் இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னிடம் பயின்ற ஒரு பையனுக்கு அவன் அப்பா கடன் வாங்கிப் பழைய ரைஃபிள் எடுத்துக் கொடுத்தார். நான்தான் உடன் போய்ப் பார்த்தேன். பேரல் அருமை, டிரிகர் வெண்ணெய். சிலிண்டர் தேதியைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. போட்டி நாளில்தான் தெரிந்தது, காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்தி தன் உபரி சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்ததால் அன்று தப்பித்தோம். அவனுடைய அப்பாவின் முகத்தை அன்று முழுக்க நான் பார்க்கவில்லை.

தேதி முடிந்திருந்தால் ரைஃபிளே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்த மாடலுக்குப் புது சிலிண்டர் இன்றும் கிடைக்கிறதா, என்ன விலை என்று டீலரிடம் கேட்டு, அந்தத் தொகையை 1,10,000-இலிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள். சிலிண்டரே கிடைக்காத அரதப்பழசான மாடல் என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். 10 மீட்டர் போட்டி ரைஃபிள்கள் ஏழரை ஜூல் அளவில்தான் இருக்கும். விற்பவரிடமிருந்து அசல் பில்லையும், வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு விற்பனைக் கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் யாராவது கேட்டால் காட்டலாம். நாளைக்கு மகள் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிளுக்குப் போனால் அது வேறு கதை. அதற்கு லைசென்ஸ் கட்டாயம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த கம்பெனி நல்லது என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். வால்தர், ஃபெய்ன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் என்று உலகப் போட்டிகளில் பார்க்கும் பெயர்களில் எதை எடுத்தாலும், இறுக்கிக் கட்டிச் சுட்டால் ஒரே ஓட்டையில்தான் போடும். 14 வயதுப் பிள்ளையைவிட அது நன்றாகவே சுடும். வித்தியாசம் உடம்பில் பொருந்துவதில் இருக்கிறது. சட்டை வாங்கும்போது அளவு பார்க்கிற நாம், துப்பாக்கி வாங்கும்போது பெயர் பார்க்கிறோம்.

பத்து மீட்டர் ரைஃபிள் டார்கெட்டின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. விட்டம், பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி மாதிரி. அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொன்றும் இரண்டரை மி.மீ. தள்ளி. கண்ணருகே இருக்கும் பின் சைட்டுக்கும் குழல் முனையில் இருக்கும் முன் சைட்டுக்கும் நடுவே முக்கால் மீட்டர் என்று வையுங்கள். முன் சைட் 0.2 மி.மீ. விலகினால், அது டார்கெட்டில் 13 மடங்காகப் பெருகி ஒரு முழுப் புள்ளியைக் கொண்டுபோய்விடும். கன்னத்தை வைக்கும் சீக் பீஸ் உயரமாக இருந்து அவள் தலையைத் தூக்கிக்கொண்டு பார்த்தாலோ, பட் பிளேட் தோளில் சரியாக உட்காராமல் நழுவினாலோ, அந்த 0.2 மி.மீ. ஒவ்வொரு குண்டுக்கும் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று வீட்டில் திட்டுவோம்.

ஆகவே மதுரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய ஷூட்டிங் ஜாக்கெட், கிளவுஸ், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். வெறும் சுடிதாரில் பிடித்துப் பார்த்த அளவு ஜாக்கெட் போட்டதும் செல்லாது. பட் பிளேட்டை உள்ளே தள்ளக்கூடிய அளவுக்குத் தள்ளிய பிறகும் நீளமாக இருக்கிறதா? சீக் பீஸ் அவள் கண்ணை பீப் துளைக்கு நேரே கொண்டுவருகிறதா? கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால், கழுத்தை அசைக்காமலே பின் துளைக்குள் முன் வளையம் தெரிய வேண்டும். எடையையும் பாருங்கள். விதிப்படி ஐந்தரை கிலோ வரை போகலாம் என்பதற்காக ஐந்தரை கிலோவைப் பிள்ளையின் இடுப்பில் ஏற்றாதீர்கள். இந்த வயதில் நாலு கிலோ, நாலே கால் கிலோ போதும். எடைக்கட்டிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் எந்தக் கண்ணால் பார்க்கிறாள் என்றும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் தெரிகிறதோ அதுதான் ஆளும் கண். வலதுகைப் பிள்ளைக்கு இடது கண் ஆள்வது அபூர்வம் இல்லை. வலதுகைக்கென்று செய்த ஸ்டாக்கில் (பேரலைத் தாங்கும், கையால் பிடிக்கும் உடல் பகுதி) பணத்தைப் போடும் முன் கோச்சுடன் இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

ரைஃபிளைப் பரிசோதிக்க அரைநாள் ஒதுக்குங்கள். அவள் வழக்கமாகச் சுடும் பெல்லட் (ஈயக் குண்டு) டப்பாவைக் கையோடு கொண்டுபோய், மணல் மூட்டையில் சாய்த்து ஐந்து ஐந்தாகச் சுடச் சொல்லுங்கள். ஐந்தும் சேர்ந்த கிழிசல் ஏழு மி.மீ.க்குள் அடங்கினால் பேரலைப் பற்றிக் கவலை வேண்டாம். விரிந்தால் உடனே பேரலைக் குறை சொல்லாதீர்கள். பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் வருகிறது; ஒரு பேரலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. வேறு அளவில் ஒரு டப்பா போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். சிலிண்டரை நிரப்பி மாட்டி, அழுத்தமானியைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் இன்னொரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். முள் தெரியும்படி இறங்கியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது. காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் என்றால் சில நூறு ரூபாய் வேலை, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் என்றால் செலவு பெரிது. எது என்று தெரியாமல் கைமாற்ற வேண்டாம்.

மின்னணு டிரிகர் உள்ள மாடலா என்றும் கேளுங்கள். நன்றாக வேலை செய்யும்போது அதற்கு இணை கிடையாது. கெட்டால், பக்கத்தில் சரிசெய்ய ஆள் வேண்டும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்தது நினைவிருக்கலாம். ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, டிரிகர் சர்க்யூட்டும் சிக்கல் தந்து, ரேஞ்சிலிருந்து வெளியே போய்ச் சரிசெய்து திரும்பியவர் 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்றார். இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்று போனது. மூன்று வருஷம் கழித்து பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கியது வேறு விஷயம். ஒலிம்பிக் அணியோடு போனவருக்கே அந்தக் கதி. தூத்துக்குடியில் இருக்கும் உங்களுக்கு என் ஓட்டு மெக்கானிக்கல் டிரிகருக்குத்தான்.

இனி காற்று. சிலிண்டரில் போவது சாதாரணக் காற்றுதான், ஆனால் 200 பார். டயர் கடைக் கம்ப்ரஸர் அதன் பக்கத்தில்கூட வராது. கிளப்பில் ஸ்கூபா சிலிண்டர் (கடலில் மூழ்குபவர்கள் முதுகில் கட்டிக்கொள்வது) இருந்தால் அதிலிருந்து நிரப்புங்கள். வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சரேலென்று திறந்தால் சிலிண்டர் சூடாகி 200 காட்டும், ஆறியதும் 180-க்கு இறங்கிவிடும். கைப்பம்பு வைத்திருப்பவர்கள், ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாமல் நம் கடற்கரைக் காற்றை அடித்தால் சிலிண்டருக்குள் தண்ணீரையும் சேர்த்தே அடிக்கிறார்கள். வெல்டிங் கடை ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பாதீர்கள். உள்ளே துளி கிரீஸ் இருந்தாலும் அழுத்தத்தில் தீப்பற்றி வெடிக்கும். ‘அதுவும் காற்றுதானே சார்’ என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டிருக்கிறார், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் நிரப்பிய சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ரொம்ப நாள் எடுக்கப்போவதில்லை என்றாலும் முழுசாகக் காலி செய்யாமல், கொஞ்சம் அழுத்தத்தோடு வையுங்கள். ஈரம் உள்ளே ஏறாது.

துருவைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. தூத்துக்குடிக் காற்றில் உப்பு, பிள்ளையின் உள்ளங்கையிலும் உப்பு. பயிற்சி முடிந்ததும் அவள் கை பட்ட இரும்பு பாகங்களை, குறிப்பாக பட் பிளேட் கம்பி, பேரலின் வெளிப்புறம், கண்ணில் படும் ஸ்க்ரூ தலைகளை, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் மேலோட்டமாக ஒருமுறை ஒற்றினால் போதும். எண்ணெய் வெளியே மட்டும். பேரலுக்குள்ளும் வால்வு பக்கமும் போகக் கூடாது. ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ், அதுவும் விரல்நுனியில் பட்டும் படாமலும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ரைஃபிளை வெளியே எடுத்து, பூட்டிய பீரோவில் சிலிகா ஜெல் பையோடு நிறுத்துங்கள். ஏசி ரேஞ்சிலிருந்து வெளியே வந்த உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல் குளிர்ந்த பேரலும் வியர்க்கும். அரைமணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

பேரலைச் சுத்தம் செய்கிறேன் என்று கெடுத்தவர்கள்தான் அதிகம். ஒரு டப்பா, அதாவது 500 பெல்லட் முடிந்ததும், பெல்லட் போடும் பக்கமிருந்து சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் ஃபெல்ட் (கம்பளி) உருண்டைகள் இரண்டு மூன்றைத் தள்ளிவிட்டால் போதும். இரும்புக் கம்பியை முனைப்பக்கமிருந்து விடவே கூடாது. குழலின் வாயில் ஒரு கீறல் விழுந்தாலும் குண்டு அதன் பக்கம் சாயும். கீழே விழுந்த பெல்லட்டைப் பொறுக்கிப் போடாதீர்கள். பெல்லட்டின் ‘பாவாடை’, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, டார்கெட்டில் தெரியும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

வீட்டில் டிரை ஃபயர், அதாவது பெல்லட் போடாமல் டிரிகரை மட்டும் இழுத்துப் பழகும் பயிற்சி, செய்யச் சொல்வார்கள். வாங்கப்போகும் போட்டி ரைஃபிளில் அதற்கென்று ஒரு லீவரோ பட்டனோ இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் தினமும் 20 நிமிடம் செய்யலாம். அவளுடைய பழைய ஸ்பிரிங் ரைஃபிளில் இதைச் செய்யாதீர்கள். பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் முட்டி ஸ்பிரிங்கும் சீலும் போய்விடும்.

ஸ்டாக்கையும் பேரலையும் இணைக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்தால் குரூப், அதாவது டார்கெட்டில் குண்டுகள் சேர்ந்து விழும் இடம், காரணமே இல்லாமல் அலையும். சரியாக இறுக்கிய பிறகு ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், மகளே போடட்டும். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது. சைட் எத்தனையாவது கிளிக்கில் இருக்கிறது என்பதையும், சீக் பீஸ், பட் பிளேட் அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். ரைஃபிளில் குண்டு இல்லை என்று காட்டப் பேரலுக்குள் விடும் சேஃப்டி ஃப்ளாக் தொலைந்தால் பதற வேண்டாம். புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் பளிச்சென்ற ஆரஞ்சு நைலான் கயிறு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்; பேரலின் முழு நீளத்துக்கும் நுழைந்து இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு வெட்டி, நாலைந்து துண்டுகளைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

மதுரையிலிருந்து போட்டோ வந்ததும் சிலிண்டரின் வருஷத்தையும் மாடலின் பெயரையும் எனக்கு எழுதுங்கள். 1,10,000 சரியான விலைதானா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.