கட்டை இறங்கிய குரல்

வணக்கம் சார்,

போன வாரம் இங்கே ஆங்கிலப் பாடகர் நிக் லோவின் கச்சேரிக்குப் போனேன். ஒரே ஒரு கிதாரோடு தனியாக நின்று பாடினார். ‘பீஸ், லவ் அண்ட் அண்டர்ஸ்டாண்டிங்’ பாட்டுக்காகவே போனவன் நான். கல்லூரி நாட்களில் ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் வேகத்தில் கேட்டுப் பழகிய பாட்டு. இவர் தாலாட்டு மாதிரி பாடினார். வீடியோ இணைத்திருக்கிறேன். இந்த வயதில் இவர்கள் மேடை ஏறத்தான் வேண்டுமா? டிக்கெட் விலையும் அதிகம். இவரை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எஸ்., லண்டன்

அன்புள்ள எஸ்.,

டிக்கெட் விலையை விடுங்கள். வீடியோவை நான் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவர் பாடி முடிக்கும்வரை நீங்கள் போன் திரையைப் பார்த்திருக்கிறீர்கள். அப்புறம் பாட்டு எப்படிக் காதில் விழும்?

அமைதி, அன்பு, புரிதல் என்றால் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் அந்தப் பாட்டு, நிக் லோவே எழுதியது. 1974இல் பிரின்ஸ்லி ஷ்வார்ஸ் குழுவில் இருந்தபோது, காலம் கடந்த ஒரு ஹிப்பியின் புலம்பலாக, பாதி கேலியாகத் தொடங்கியது. 1978இல் காஸ்டெல்லோ அதைக் கோபமாக மாற்றினார். அந்தப் பதிவின் தயாரிப்பாளர் யார் தெரியுமா? இதே நிக் லோ. நீங்கள் கல்லூரியில் கேட்டுக் குதித்த வேகத்தைப் பதிவு செய்தவரே அவர்தான். ஸ்டூடியோவில் அவருக்கு ‘பாஷர்’ என்று பட்டப்பெயர். முதலில் அடித்துத் தள்ளு, மெருகு அப்புறம் என்பது அவர் வழி. அவருக்கா வேகம் தெரியாது? மூச்சு வாங்கியதால் அல்ல, அந்தக் கேள்வியை இப்போது மனதாரக் கேட்பதால்தான் மெதுவாகப் பாடுகிறார் என்று நம்புகிறேன். அன்பைக் கேட்டால் ஏன் சிரிக்கிறீர்கள் என்று ஒருவர் கத்தியா கேட்பார்?

என் அப்பா மாலையில் ஆர்மோனியம் வைத்துத் தேவாரம் பாடுவார். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர், அறுபதைத் தாண்டியதும் தாழ்ந்த மூன்றுக்கு இறங்கினார். “பழைய மாதிரி பாடுங்களேன் அப்பா” என்றேன் ஒருநாள். பேசாமல் ஆர்மோனியத்தை மூடிவிட்டார். ஒரு வாரம் வீட்டில் பாட்டு இல்லை. மறுபடி தொடங்கியபோதும் அதே மூன்று கட்டைதான். அன்று ‘மாசில் வீணையும்’ பாடி, ‘ஈசன் எந்தை இணையடி நீழலே’ என்று அவர் வந்து நின்ற இடத்தில், வெயிலில் நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அத்தனை வருடம் நிழல் என்ற அந்தச் சொல்லைக் கேட்டும் நான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த மகனைத்தான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

சரி, ஆல்பம். 1994இல் வந்த ‘தி இம்பாசிபிள் பேர்ட்’. அதில் ‘தி பீஸ்ட் இன் மீ’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் அவருக்கு மாமனார் முறையான அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷை மனதில் வைத்துத் தொடங்கியது. பாதியில் நின்றுவிட்டது. பார்க்கும்போதெல்லாம் “அந்தப் பாட்டு என்ன ஆயிற்று?” என்று கேஷ் கேட்டுக்கொண்டே இருந்தார். பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. முடித்துக் கொடுத்ததும் கேஷ் பாடினார், தன் அறுபதுகளில். அந்தப் பதிவும் அதே 1994இல் வெளிவந்தது.

இரண்டு பேர் குரலிலும் கேளுங்கள். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.