இரண்டரை மாதம் நின்ற கார்: 7.8 வோல்ட்டில் கிடக்கும் பேட்டரி பிழைக்குமா?

கேள்வி: மகள் பிரசவத்துக்காக இரண்டரை மாதம் வெளியூரில் இருந்தோம். திரும்பி வந்தால் கார் ரிமோட்கூட வேலை செய்யவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தேன், 7.8 வோல்ட்தான் இருக்கிறது. 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி, வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. ஆட்டோமேட்டிக் சார்ஜரை மாட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. பேட்டரி போய்விட்டதா? வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டி ஏற்றிப் பார்க்கலாமா?
- கோவை வாசகர்

பதில்: முதலில் இன்வெர்ட்டரை மறந்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏ.ஹெச். போன்ற பெரிய பேட்டரியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 10, 15 ஆம்பியர் என்று தாராளமாகத் தள்ளும். உங்கள் பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர்தான் மேல்வரம்பு. அடியோடு இறங்கிப் போனதற்கு அதிலும் குறைவாகக் கொடுப்பது நல்லது. நடுவில் கரண்ட் போனால் கதை இன்னும் மோசம். ஏறின கொஞ்சத்தையும் உறிஞ்சி இன்வெர்ட்டர் ஃபேன் ஓட்டிவிடும்.

சிவப்பு விளக்கைப் பார்த்துப் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஆட்டோமேட்டிக் சார்ஜர் முதலில் வோல்ட்டேஜை அளந்து பார்க்கும். ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் ‘இது 12 வோல்ட் பேட்டரியே இல்லை, அல்லது உள்ளே கோளாறு’ என்று ஒதுங்கிக்கொள்ளும். அந்த அளவு மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் சார்ஜருடன் வந்த தாளில் குறைந்தபட்ச வோல்ட்டேஜ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

பேட்டரிக்கு உள்ளே நடந்தது இதுதான். ஆறு செல்கள், செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6, 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே போனால் காலி. காரைப் பூட்டிவிட்டாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஏ.ஹெச்.; ஒரே மாதத்தில் 35-ம் காலி. டேஷ்கேமோ ஜிபிஎஸ் டிராக்கரோ மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். காலியான பேட்டரியின் பிளேட்டுகளில் படிந்த லெட் சல்ஃபேட் நாளாக நாளாகக் கெட்டிப்படும். அது எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பேட்டரியின் விதி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே ஆரம்பியுங்கள்.

பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் பிறகு. மோதிரம், வாட்ச், வளையல் எதுவும் கையில் வேண்டாம். பெட்டி வீங்கியோ விரிசல் விட்டோ இருந்தால் சார்ஜ் போடும் பேச்சே இல்லை, நேராகக் கடைக்கு. நன்றாக இருந்தால் போர்டிகோ மாதிரிக் காற்றோட்டமான இடத்தில், மழை படாமல் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. மூடி திறக்கிற வகை என்றால் பிளேட்டுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். சார்ஜ் ஏற ஏற மட்டம் உயரும் என்பதால் மீதியைக் கடைசியில் ஊற்றிக்கொள்ளலாம். ‘பேட்டரி வீக், ஆசிட் ஊத்துங்க’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழாய்த் தண்ணீரும் ஆகாது.

இனி சார்ஜரை ஏமாற்ற வேண்டும். எளிய வழி, வோல்ட்டேஜ் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும் பழைய மாதிரிச் சாதா சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி, 2 ஆம்பியரில் ஓரிரு மணி நேரம் பக்கத்தில் இருந்து ஏற்றுவது. பேட்டரி 11 வோல்ட்டைத் தாண்டியதும் உங்கள் சார்ஜருக்கு மாறிவிடலாம். அது கிடைக்காவிட்டால், நல்ல நிலையில் உள்ள இன்னொரு 12 வோல்ட் கார் பேட்டரியை ஜம்பர் கேபிளால் இணைத்துக்கொள்ளுங்கள்: பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். கடைசி இணைப்பில் சின்னப் பொறி வரலாம், முகத்தை விலக்கி வையுங்கள். பிறகு காலியான பேட்டரியில் சார்ஜரை மாட்டி, அதன் பிறகே சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்த வோல்ட்டேஜைப் பார்த்து சார்ஜர் வேலையைத் தொடங்கும். அரை மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்து, நல்ல பேட்டரியைப் பிரித்துவிட்டு, சார்ஜரை மறுபடி போட்டுப் பாருங்கள். திரும்பவும் மறுத்தால் இன்னொரு அரை மணி நேரம். இதை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வேலையாக நினைக்காதீர்கள். பேட்டரியைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, தொட முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே பேட்டரி தன் நிலையைச் சொல்லிவிடும். வோல்ட்டேஜ் மெதுவாக 12, 13 என்று ஏறினால் பிழைக்கும். போட்ட பத்து நிமிடத்தில் 14-க்கு மேல் தாவிவிட்டு, ஆம்பியர் ஏறாமலே நின்றால் சல்ஃபேட் கெட்டிப்பட்டிருக்கிறது. குறைந்த ஆம்பியரில் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம், சில சமயம் இளகும். மணிக்கணக்காகியும் 10.5 பக்கமே நின்றுகொண்டு சூடு மட்டும் ஏறினால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து இல்லை.

எல்லாம் சரியாகப் போனாலும் 3 ஆம்பியரில் 14, 15 மணி நேரமாவது ஆகும். பச்சை விளக்கு வந்ததும் கொண்டாட வேண்டாம். சார்ஜரைக் கழற்றி 12 மணி நேரம் சும்மா வைத்து, பிறகு அளந்து பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் வண்டியில் மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழாமல் இருந்தால் நிம்மதி. ஓய்விலேயே 12.2-க்குக் கீழே சறுக்கினால் இன்னொரு முறை ஏற்றிப் பார்த்துவிட்டு, புதிது வாங்கப் பணம் எடுத்து வையுங்கள். சீல் செய்த பேட்டரியில் சார்ஜ் நிலையைக் காட்டும் பச்சைக் கண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆறில் ஒரு செல்லைத்தான் அது பார்க்கிறது.

‘ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு ஓட்டினா சரியாயிடும்’ என்பது கிட்டத்தட்ட எல்லோரும் தரும் யோசனை. பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் சரி. இந்த அளவுக்குக் காலியானதை நிரப்பும் பாரத்தை, எஞ்சின் ஓடும்போது சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அது சூடேறும், அரை மணி நேர ஓட்டத்தில் பேட்டரியும் நிரம்பாது. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள (சிக்னலில் எஞ்சின் தானாக நின்று கிளம்பும்) கார் வைத்திருப்பவர்கள், அதில் வரும் ஏஜிஎம், இஎஃப்பி என்ற தனி வகைப் பேட்டரிகளுக்கு ஏற்ற சார்ஜர்தானா என்று பார்த்தே மாட்ட வேண்டும்.

உங்கள் பேட்டரிக்கு ஒன்றரை வயதுதான் என்பதால் முயற்சி செய்வதில் தப்பில்லை. நாலு வருடம் ஓடியதாக இருந்தால் இவ்வளவு பாடு படச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். கழற்றும்போது சாவி கையில் இருக்கட்டும், சில வண்டிகளில் கதவு பூட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதால் பயன் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குக் கிடைப்பது சொற்பம்.