தழும்பின் மேல் நஞ்சுக்கொடி: பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: 'முதல் இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இப்போது 30 வாரம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி பழைய தழும்பின் மேல் இருப்பதாக ஸ்கேனில் சொல்கிறார்கள். வலியோ ரத்தப்போக்கோ இல்லை. வளைகாப்பு முடிந்ததும் கம்பத்தில் அம்மா வீட்டுக்குப் போய், பக்கத்து நர்சிங் ஹோமிலேயே பிரசவம் பார்க்கலாமா?'

சிறிய நர்சிங் ஹோமில் வேண்டாம். வலி இல்லாததை வைத்து ஆறுதல் அடையவும் வேண்டாம். தழும்பின் மேல் அமர்ந்த நஞ்சுக்கொடி கருப்பையோடு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் கோளாறு (பிளாசென்டா அக்ரீட்டா) உங்களுக்கு இருக்கக்கூடும்; அது பெரும்பாலும் பிரசவம் வரை ஓசையின்றியே இருக்கும். நஞ்சுக்கொடிக்கும் கருப்பைத் தசைக்கும் இடையே இயல்பாக உள்ள மென்படலம் தழும்பு விழுந்த இடத்தில் சரியாக வளர்வதில்லை என்பதால், நஞ்சுக்கொடி நேரே தசையைப் பற்றிக்கொள்கிறது. சிலருக்குத் தசையையும் துளைத்துச் சிறுநீர்ப்பை வரை ஊடுருவுகிறது. உங்களைப் போல இரண்டு சிசேரியனுக்குப் பின் நஞ்சுக்கொடி வாயை மூடியிருந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இது இருந்ததாக 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 'போகப்போக மேலே ஏறிவிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வது 20 வார ஸ்கேனுக்குப் பெரும்பாலும் பொருந்தும். 30 வாரத்தில் தழும்பின் மேல் நிற்கும் நஞ்சுக்கொடியை அப்படி நம்பியிருக்க முடியாது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. ஒட்டிய நஞ்சுக்கொடியை வலிந்து பிரித்தால் அந்த ஓட்டம் அடங்காது. ஆகவே ஒட்டியிருப்பது உறுதியானால், பொதுவாக 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறித்து, நஞ்சுக்கொடியைத் தொடாத இடத்தில் கீறிக் குழந்தையை எடுத்துவிட்டு, நஞ்சுக்கொடியோடு கருப்பையையும் அகற்றுவார்கள். கேட்கக் கடினமான செய்திதான். சினைப்பைகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பதால், மாதவிடாய் நின்றாலும் உடல் உடனே முதுமைக்குத் திரும்பிவிடாது. கருப்பையைக் காக்கும் வழிகளும் சிலருக்கு உண்டு. அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

கோட்டயமோ தேனியோ, அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இந்த வாரமே பதிந்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். பழைய சிசேரியன் குறிப்புகளையும் கொண்டு செல்லுங்கள். ரத்த வங்கி, சிறுநீரியல் அறுவை மருத்துவர் (யூராலஜிஸ்ட்), பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை ஆகியவை இரவிலும் உண்டா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக்கூடாது. அம்மா வீட்டு வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிந்த மருத்துவமனைக்கு அருகில் ஓர் உறவினர் வீடு கிடைத்தால் வளைகாப்புக்குப் பின் அங்கே தங்குவதே நல்லது. துளி ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, நஞ்சுக்கொடி கீழே இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். கைவிட்டுப் பரிசோதிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.