கார்ட்டூன் இசை – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் எட்டு வயது மகன் ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ பார்த்துவிட்டு அதன் பாட்டையே நாள் முழுக்க முணுமுணுக்கிறான். கீபோர்டு வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை முதலில் கர்நாடக சங்கீதமா? ‘டாம் அண்ட் ஜெர்ரி’ இசை என்றால் புரிகிறது, பெரிய ஆர்கெஸ்ட்ரா. டிவிக்காக மலிவாக எடுத்த இந்தக் கார்ட்டூன்களில் இருப்பது வெறும் பின்னணிச் சத்தம்தானே? ரசனை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பக்கத்தில் நல்ல ஆசிரியர் யார் இருக்கிறாரோ அவரிடம் சேருங்கள். ரசனை பற்றிய பயத்தை விடுங்கள், பையனின் காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வெறும் பின்னணிச் சத்தம்’ என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட மனமில்லை. கொஞ்ச நாளாக நான் ஹாய்ட் கர்ட்டினைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகன் முணுமுணுக்கும் மெட்டு அவருடையது.

டாம் அண்ட் ஜெர்ரிக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கையில் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவின் ஆர்கெஸ்ட்ரா இருந்தது. ஏழெட்டு நிமிடப் படம் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுத முடிந்தது. படமும் துள்ளி ஓடியது. 1957-ல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவையே மூட, டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். அங்கே பணம் இல்லை. அவர்களுடைய டிவி கார்ட்டூன் பாத்திரமான யோகி கரடியின் கழுத்தில் காலர் எதற்கு? உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் வரைந்தால் போதும், ஒட்டு தெரியாமல் காலர் மறைத்துவிடும். ஃப்ளின்ட்ஸ்டோன்ஸின் நாயகன் ஃப்ரெட் வீட்டுக்குள் ஓடினால் அதே ஜன்னலும் அதே விளக்கும் திரும்பத் திரும்ப வரும். சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு எபிசோடைப் பாருங்கள். பல இடங்களில் வாய் மட்டும்தான் அசையும்.

அப்படியானால் ஓடுவது எது? ஒருவன் ஓடக் கிளம்பும்போது கால்கள் நின்ற இடத்திலேயே சுழலும், கூடவே பாங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் படபடக்கும். வேகம் முழுவதும் அந்தப் பாங்கோவில் இருக்கிறது. அப்புறம் கர்ட்டினின் ஜாஸ் வாத்தியங்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும். ஒரே துண்டு இசையைப் பல எபிசோடுகளில் வெட்டி ஒட்டினார்கள் என்பது குறையாகச் சொல்லப்படுகிறது. துரத்தலுக்கும் பதுங்கலுக்கும் அசடு வழிவதற்கும் எழுதி, எந்தக் காட்சியில் வைத்தாலும் அது பொருந்தி உட்கார வேண்டும் என்றால் எவ்வளவு கெட்டியான இசையாக இருக்க வேண்டும்! இதையெல்லாம் கேட்காமலே ‘மலிவு’ என்று எழுதிவிட்டீர்கள். காது கொடுக்காமல் தீர்ப்பு சொல்வது எனக்குக் கோபமூட்டும் பழக்கம்.

இன்னொன்று. 1960-ல் தொடர் தொடங்கியபோது டைட்டிலில் இருந்தது வேறு இசை. உங்கள் மகனைப் பிடித்துக்கொண்ட இந்த மெட்டு முதல் இரண்டு சீசன்களிலும் காட்சிகளுக்கு அடியில்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது சீசனில்தான் வார்த்தைகளோடு டைட்டிலுக்கு வந்தது. நீங்கள் சத்தம் என்று தள்ளிய அதே இடத்திலிருந்துதான் ஐயா வந்தது!

சரி, இன்றிரவு மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, 1964-ல் வந்த ‘ஜானி குவெஸ்ட்’ தொடரின் தொடக்க இசையைப் போடுங்கள். குழாயை முன்னும் பின்னும் நீட்டி இழுத்து ஊதும் டிராம்போனை வாசிப்பவர்களுக்குக் கை சுலபமாகப் போகாத சுருதியில் கர்ட்டின் அதை வேண்டுமென்றே எழுதினார். அவருக்கும் டிராம்போன் தெரியும், எங்கே கஷ்டம் என்று தெரிந்தே எழுதியது. அவர்கள் அதை வாசிக்கும் வேகத்தைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.