முதலில் காற்றை இறக்குங்கள்: ஆழமான மணலில் சிறிய ஃபோர் வீல் டிரைவ் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1.5 லிட்டர் பெட்ரோல் சுசுகி ஜிம்னி. பெரிய டீசல் வண்டிகள் போகும் ஆழமான மணலில் இதுவும் போகுமா? எஞ்சினுக்கு அவ்வளவு பலம் போதாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தாராளமாகப் போகும். மணலில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் பலத்தை அல்ல. வண்டியின் பாரம் எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து உங்கள் வண்டி 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ. டயரில் 28 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அந்த 325 கிலோவைத் தாங்க சுமார் 165 சதுர செ.மீ. தடம் போதும். 14 பிஎஸ்ஐ ஆக்கினால் தடம் 330 சதுர செ.மீ. ஆகிவிடும். பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைச் சுமக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் விஷயம் இதில் அடங்கிவிடுகிறது: காற்றைப் பாதியாக்கினால் தடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தத் தடம் பக்கவாட்டில் அதிகம் விரிவதில்லை, நீளவாக்கில் நீள்கிறது. மணலில் மிதக்க வைப்பது அந்த நீளம்தான். அகலமான டயர் மாட்டினால்தான் மணலில் போகலாம் என்பதெல்லாம் இல்லை. கம்பெனி கொடுக்கும் 195 அளவு டயரே போதும்.

சிறிய வண்டிக்கென்று இரண்டு கஷ்டங்கள் உண்டு. எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 4,000 ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) கிடைக்கும். ஆர்பிஎம் அதற்குக் கீழே விழுந்தால் இழுவை சட்டென்று வற்றிவிடும். இதற்கு மருந்து கியரில் இருக்கிறது, கீழே சொல்கிறோம். இன்னொன்று, பெரிய வண்டிகளின் சக்கரத்தடம். ஜிம்னியின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.4 மீட்டர். பெரிய வண்டிகளில் அது ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அவர்கள் போட்ட பள்ளத்தில் இறங்கினால் உங்களுக்கு ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்திலும் மறுபக்கம் வரப்பிலும் ஓடும். வண்டி சாயும், ஸ்டீயரிங் இழுக்கும், வேகம் செத்துவிடும். இடம் இருந்தால் ஒதுங்கி, மிதிபடாத மணலில் உங்கள் தடத்தை நீங்களே போடுங்கள்.

கேள்வி: எத்தனை பிஎஸ்ஐ வைப்பது? ஒருவர் 18 என்கிறார், இன்னொருவர் 10 என்கிறார்.

பதில்: 18 என்பது இரண்டு டன்னுக்கு மேல் உள்ள வண்டிகளின் கணக்கு. எடை குறைந்த வண்டியில் 18 பிஎஸ்ஐ வைத்தால் டயர் பிதுங்கவே பிதுங்காது. 1,300 கிலோ வண்டிக்கு 15-இல் ஆரம்பியுங்கள். மணல் மாவாக இருந்தால் 12. சிக்கிக்கொண்டால் 10. அதற்குக் கீழே இறக்குவது வெளியே வருவதற்கு மட்டும், அதுவும் நேராக, நடை வேகத்தில். காற்று குறைந்த டயரோடு ஸ்டீயரிங்கை வேகமாகத் திருப்பினால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும். நழுவிய விளிம்பில் புகுந்த மணலைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரால் ஒரேயடியாகக் காற்றடித்தால்தான் அது திரும்ப உட்காரும். நட்டநடு மணலில் யாரும் விரும்பாத வேலை.

அளக்கும் நேரமும் முக்கியம். தார் ரோட்டில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். சூடாக 15 வைத்தீர்கள் என்றால், டயர் ஆறிய பிறகு அது 12 ஆகவும் இருக்கலாம். வண்டியைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து, பிறகு அளந்து இறக்குங்கள். முதல் டயரில் 15 வர எத்தனை விநாடி ஆனது என்று பார்த்துக்கொண்டால் மற்ற மூன்றிலும் அதே நேரம் விடலாம். கடைசியில் நான்கையும் ஒருமுறை கேஜ் வைத்துச் சரிபாருங்கள். ஒரு டயர் மட்டும் இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் புதையும்.

மணலை விட்டு வெளியே வந்ததும் காற்றடிக்காமல் தார் ரோட்டில் வேகமெடுக்காதீர்கள். 15 பிஎஸ்ஐயில் 30, 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளே பிரிந்துவிடும். வெளியில் பார்த்தால் தெரியாது, பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். கம்ப்ரஸர் வாங்கும்போது பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் வகையாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியவை நான்கு டயரை முடிப்பதற்குள் சூடாகி நின்றுவிடும்.

கேள்வி: மணலில் ஃபோர்-ஹையா, ஃபோர்-லோவா? மணலுக்கு வேகம் வேண்டும், அதனால் ஃபோர்-ஹைதான் என்று படித்தேன்.

பதில்: ஃபோர்-ஹையில் நான்கு சக்கரங்களும் வழக்கமான கியர் வேகத்தில் சுழலும்; ஃபோர்-லோவில் அதே கியரில் வேகம் குறைந்து இழுவை கூடும். பெரிய எஞ்சினுக்கு அந்த அறிவுரை சரி. சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கு முழுவதும் சரியில்லை. ஐந்து கியர் ஜிம்னியில் கியர் விகிதங்களைப் பாருங்கள்: முதல் கியர் 4.4, இரண்டாவது 2.3, மூன்றாவது 1.7, நான்காவது 1.2. ஃபோர்-லோ இவற்றை இரண்டால் பெருக்கும். அப்படியானால் ஃபோர்-லோ இரண்டாவது கியர் சுமார் 4.6, அதாவது ஃபோர்-ஹை முதல் கியர் மாதிரியேதான். ஃபோர்-லோ நான்காவது 2.4, கிட்டத்தட்ட ஃபோர்-ஹை இரண்டாவது.

நடுவில் என்ன இருக்கிறது? 4,000 ஆர்பிஎம்மில் ஃபோர்-ஹை முதல் கியர் சுமார் 28 கி.மீ. வேகம் தரும், இரண்டாவது சுமார் 53. ஆழமான மணலில் உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவே. முதல் கியரில் எஞ்சின் அலறும். இரண்டாவதுக்கு மாற்றக் கிளட்சை மிதித்த அந்த ஒரு நொடியிலேயே மணல் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், கியர் விழுந்தபோது ஆர்பிஎம் 2,000-க்குக் கீழே போயிருக்கும், வண்டி முக்கி நின்றுவிடும். ஃபோர்-லோ மூன்றாவது கியர் அதே 4,000-இல் சுமார் 37 கி.மீ. தரும். ஃபோர்-ஹையில் இல்லாத அந்தக் கியர் இங்கே கிடைக்கிறது. ஃபோர்-லோ இரண்டாவதில் கிளம்பி, மெல்ல வேகமெடுத்து, மூன்றாவதில் போட்டுப் பிடியுங்கள். இறுகிய, சமதளமான மணலில் நீண்ட தூரம் போகும்போது ஃபோர்-ஹை போதும்.

லோவுக்கு மாற்ற வண்டி நின்றிருக்க வேண்டும். மணல் ஆழமான பிறகு நிறுத்தி யோசிக்க முடியாது, ஓரத்தில் நிற்கும்போதே முடிவெடுங்கள். ஃபோர்-ஹையில் போனால் இஎஸ்பி (வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு அமைப்பு) பட்டனை அணைத்துவிடுங்கள். சக்கரம் லேசாகச் சுழல்வதைப் பார்த்து அது எஞ்சினை அடக்கும். மணலில் அந்தச் சுழற்சி கொஞ்சம் வேண்டும். சில வண்டிகளில் குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் இஎஸ்பி தானே விழித்துக்கொள்ளும். மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் மிதித்தும் எஞ்சின் அடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: லோ கியர் இல்லாத ஆல் வீல் டிரைவ் காரை மணலில் விடலாமா?

பதில்: ஓரமாக, காற்று இறக்கிவிட்டு, கொஞ்ச தூரம் போகலாம். ஆழமான மணலில் வேண்டாம். பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் கிளட்ச் தொகுதி சூடாகிப் பாதுகாப்புக்காகத் துண்டித்துக்கொள்ளும். அதன் பிறகு உங்களிடம் இருப்பது முன்சக்கர டிரைவ் மட்டுமே.

கேள்வி: வண்டி உட்கார்ந்துவிட்டது. வெளியே வர என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் முதல் வேலை. வண்டி முன்னேறுவது நின்றதும் காலை எடுத்திருந்தால், பத்தில் எட்டுத் தடவை ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே வெளியே வந்துவிடலாம், ஏனென்றால் பின்னால் இருப்பது நீங்களே இறுக்கிவைத்த மணல். இன்னும் இரண்டு விநாடி மிதித்தால் சக்கரம் தனக்குக் கீழே குழி பறித்துக்கொண்டு, அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் குடம் மணலில் அமர்ந்துவிடும். அப்புறம் பாரம் டயரில் இருக்காது, குடத்தில்தான் இருக்கும். டயர் வெறுமனே சுற்றும்.

ரிவர்ஸ் பலிக்கவில்லை என்றால் இறங்கிப் பாருங்கள். முதலில் முன்சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா? திரும்பியிருந்தால் அவை மணலைத் தள்ளும் பலகைகளாகிவிடும். இரண்டாவது, வண்டி எதில் உட்கார்ந்திருக்கிறது? மண்வெட்டி முதலில் போக வேண்டிய இடம் டயர் அல்ல, அச்சுக்குடமும் சேஸிஸும். அவற்றின் கீழே வெளிச்சம் தெரியும்வரை மணலை எடுங்கள். பிறகு போக வேண்டிய திசையில் நான்கு டயருக்கும் முன்னால் சரிவாகத் தோண்டுங்கள். படிபோல் தோண்டினால் டயர் அதில் இடித்து நிற்கும். ஒரு முழ நீளத்துக்குச் சரிவு இருக்கட்டும். எடுத்த மணலைத் தூரமாக வீசுங்கள், ஓரத்தில் குவித்தால் திரும்ப உருண்டுவரும். அடுத்து காற்றை 10 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். சிக்கியதில் பாதி இத்துடன் தீர்ந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால் ரெக்கவரி பலகை. 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் லிபியப் பாலைவனத்தைக் கார்களில் கடந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் இரும்புப் பட்டைகளை டயருக்கு அடியில் வைத்து வெளியே வந்தார். டயர் காற்றைக் குறைப்பதையும் அவர் அப்போதே செய்தார். இன்றைய பிளாஸ்டிக் பலகை அதன் வாரிசு. பலகையின் நுனி டயருக்குக் கீழே நன்றாகச் செருகியிருக்க வேண்டும். டயருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் டயர் சுழன்று பற்களை உருக்கிவிடும். லோ இரண்டாவதில் மெதுவாக ஏறுங்கள். பலகையைத் தாண்டியதும் நிறுத்தாதீர்கள், இறுகிய இடம்வரை ஓட்டிவிட்டு நடந்து வந்து எடுத்துக்கொள்ளலாம். வண்டி ஏறும்போது பலகை பின்னால் பறக்கும். பின்புறத்தில் யாரும் நிற்கக் கூடாது.

ஜாக்கி போட வேண்டியிருந்தால் 30 செ.மீ. சதுரத்தில், 18 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகை ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும்.

கேள்வி: இன்னொரு வண்டியால் இழுக்கலாம் என்றால் எந்தக் கயிறு, எங்கே கட்டுவது?

பதில்: நீளும் தன்மையுள்ள நைலான் ரெக்கவரி கயிறு. அது தன் நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் நீண்டு, சுருங்கும்போது வண்டியைப் பிடுங்கி எடுக்கும். இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் மொத்த எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு அறுபலம் இருந்தால் போதும். மிகத் தடிமனான கயிற்றைச் சிறிய வண்டியில் மாட்டினால் அது நீளாது, இரும்புச் சங்கிலிபோல் வெட்டி இழுத்துப் பொருத்திய இடத்தைப் பிய்க்கும்.

கட்டும் இடம் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய ரெக்கவரி கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்தால் கயிற்றின் விசையோடு தோட்டாவாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும், அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியைக் கப்பலில் ஏற்றும்போது கட்டிவைக்கத் தரும் மெல்லிய வளையங்களும் வேண்டாம். கயிற்றின் நடுவில் கனமான போர்வை போடுங்கள். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் எல்லோரும் நிற்கட்டும். இழுப்பதற்கு முன் சக்கரங்களின் முன்னால் தோண்டியாக வேண்டும். தோண்டாமல் இழுத்தால் விசை இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும்.

கேள்வி: மணல்மேட்டில் பாதியில் நின்றுவிட்டால்?

பதில்: வண்டியைத் திருப்ப முயலாதீர்கள். மேட்டில் வண்டியைக் குறுக்கே கொண்டுவந்தால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் புதைந்து உருண்டுவிடும். ரிவர்ஸில் போட்டு, எஞ்சின் இழுவையிலேயே, ஏறிய கோட்டில் நேராக இறங்குங்கள். இறங்கும்போது வண்டி பக்கவாட்டில் வழுக்கினால் பிரேக்கை அழுத்தாமல், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வண்டியைச் சரிவுக்கு நேராக்குங்கள்.

ஏறும்போது வேகம் முழுவதையும் சமதளத்திலேயே எடுத்துவிடுங்கள். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினால் முன்சக்கரங்கள் மட்டும் தாண்டி, உச்சியில் நின்று எட்டிப் பார்க்கும் அளவு வேகம் இருக்கும். காற்று அடிக்கும் பக்கம் மணல் இறுகியும் சாய்வு குறைந்தும் இருக்கும். மறைவுப் பக்கம் மணல் சுமார் 32 முதல் 34 டிகிரியில் கொட்டிக் குவிந்து, தொட்டாலே சரியும் நிலையில் இருக்கும். அந்தப் பக்கம் இறங்கலாம், ஏற முயலாதீர்கள். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எதிரிலிருந்து வருபவருக்கு நீங்கள் தெரிய, வண்டியில் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் கொடி கட்டுங்கள்.

கேள்வி: மணலில் பிரேக் போடுவது எப்படி?

பதில்: போடாதீர்கள். காலை எடுத்தாலே மணல் நிறுத்திவிடும். அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் மணல் குவியும், கிளம்பும்போது அதைத் தாண்ட வேண்டும். நிறுத்த இறக்கமான இடமாகப் பாருங்கள்.

கேள்வி: எந்த நேரம் நல்லது?

பதில்: விடிகாலை. பனி ஈரத்தில் மணல்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். உச்சி வெயிலில் அதே இடம் உதிரியாகிவிடும், காலையில் 15 பிஎஸ்ஐயில் கடந்த இடத்தில் மதியம் 12 வேண்டியிருக்கும். கடற்கரையில் அலை பின்வாங்கிய ஈரப்பட்டை இறுகியிருக்கும், ஆனால் தண்ணீர் ஊறிக் குழகுழத்த இடம் காய்ந்த மணலைவிட மோசம். அலை ஏறும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். அலைக்கோட்டுக்கு மேலே உள்ள காய்ந்த மணலில் ஆமைகள் முட்டையிடும், முட்டையிடும் பருவத்தில் அங்கே சக்கரம் படக்கூடாது.

கேள்வி: திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், மணல் கொட்டினால் மாற்றுங்கள். ரேடியேட்டர் இடுக்குகளை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரை என்றால் அன்றே சேஸிஸ் உட்புறம்வரை நல்ல தண்ணீர் பாய்ச்ச வேண்டும், உப்பு மடிப்புகளுக்குள்தான் தங்கும். தார் ரோட்டில் டூ-ஹைக்கு (இரண்டு சக்கர டிரைவ்) மாற்ற மறக்காதீர்கள். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் ஃபோர் வீலில் திருப்பினால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும், லீவரே நகராது. அப்படி இறுகிவிட்டால் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளரும். சக்கரத்திலிருந்து கிறீச்சென்று சத்தம் வந்தால் பிரேக் தட்டுக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறுகல் மாட்டியிருக்கும். அதுவும் பெரும்பாலும் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தாலே கீழே விழுந்துவிடும்.