கழுத்துக் கருமையைத் தேய்த்துப் போக்க முடியாது

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ப்ளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. கொஞ்ச காலமாகவே கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துக்கொண்டே போகின்றன. எலுமிச்சைத் தோல், உருளைக்கிழங்குச் சாறு, கடலை மாவு எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டோம். வெளிச் சாப்பாடு அதிகம் கிடையாது. காலையில் இட்லி அல்லது தோசை, மதியத்துக்கு டப்பாவில் லெமன் சாதமோ தக்காளி சாதமோ உருளைக்கிழங்கு வறுவலுடன், சாயங்காலம் சர்க்கரை போட்ட பாலும் பிஸ்கட்டும், இரவு மறுபடி தோசை. சாப்பாட்டை மாற்றினால் கருமை போகும் என்று ஒருவர் சொல்கிறார். தோலுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

முதலில் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். இது அழுக்கு இல்லை. உங்கள் மகள் சரியாகத்தான் குளிக்கிறாள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி இன்னும் கறுக்கும். பீர்க்கங்கூடு வைத்து அழுத்தித் தேய்த்தால் அந்த உராய்வே தோலைத் தடிக்கச் செய்யும்.

ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் அவள் கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெறும் நிறமாற்றம் என்றால் தோல் வழவழப்பாகவே இருக்கும். கறுத்த இடம் வெல்வெட் துணி போல மெத்தென்றும் சற்றுத் தடிப்பாகவும், கோடுகள் ஆழமாகவும் இருந்தால், அது 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்ற தோல் மாற்றமாகத்தான் இருக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சில பேருக்கு விரல் முட்டிகள் என்று இது வரும் இடங்களும் நீங்கள் எழுதியிருப்பதோடு பொருந்துகின்றன. கூடவே மரு மாதிரி குட்டிக் குட்டியாகத் தொங்கும் சதைகளும் இருக்கலாம்.

சாப்பாட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்சுலின்தான். அரிசி, மாவு, சர்க்கரை எது சாப்பிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். அதை உடலின் செல்களுக்குள் அனுப்ப கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இடுப்பிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து, உடலசைவும் குறைந்தால் செல்கள் இன்சுலினுக்குச் சரியாக இணங்காது. கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. அதனால் சர்க்கரை அளவு நார்மலாகத் தெரிந்தாலும் இன்சுலின் மட்டும் நாள் முழுக்க உயரத்திலேயே இருக்கும். அந்த உபரி இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சியைத் தூண்டும் ஏற்பிகளையும் (ஹார்மோனின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இடங்கள்) போய்த் தட்டுகிறது. செல்கள் தேவைக்கு மேல் பெருகித் தோல் தடிக்கிறது, கறுப்பாகத் தெரிகிறது. ஆக, சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே கழுத்து தகவல் சொல்லிவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் மகளுக்கு இதைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். 'வெளிச் சாப்பாடு கிடையாது' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலில் மூன்று வேளையும் அரிசிதான் இருக்கிறது. தொட்டுக்கொள்ளக்கூட உருளைக்கிழங்கு. பருப்பு, பயறு, முட்டை, கீரை எதுவும் கண்ணில் படவில்லை. இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும். இந்தச் சாப்பாட்டில் அது முழுதாகக் கிடைப்பது கஷ்டம். புரதம் குறைந்தால் சீக்கிரம் பசிக்கும். பசிக்கு பிஸ்கட் டப்பா திறக்கும்.

அவளைப் பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளை. தட்டில் இருப்பதை இடம் மாற்றினால் போதும். காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட கெட்டி சாம்பார், ஒரு முட்டை. சைவம் என்றால் அடை அல்லது பெசரட்டு. இவற்றில் பருப்பும் பயறும் நிறைய. மதிய டப்பாவில் சாதம் ஒரு கப், அதே அளவு பொரியலோ கூட்டோ, அப்புறம் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு. உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதில் அவரைக்காய், பீன்ஸ், கோஸ், கீரை. சாப்பிடும்போது காயையும் பயறையும் முதலில் முடித்துவிட்டு, சாதத்தைக் கடைசியில் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த வரிசை மாற்றத்தாலேயே சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா. பால் தாராளமாகக் குடிக்கட்டும், சர்க்கரை மட்டும் வேண்டாம்.

இங்கே பல வீடுகளில் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுகிறார்கள். இன்சுலினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எல்லாமே சர்க்கரைதான். கேழ்வரகும் அப்படித்தான்: நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். பழம் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல்.

சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது பெரிய உதவி. தசை அசையும்போது குளுக்கோஸை அதுவே இழுத்துக்கொள்ளும், அவ்வளவு இன்சுலின் தேவைப்படாது. எடையில் மூன்று நாலு கிலோ குறைந்தாலே மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். மூன்றிலிருந்து ஆறு மாதம் பொறுமை வேண்டும். முதலில் தடிப்பு இறங்கித் தோல் மிருதுவாகும். நிறம் அதற்குப் பிறகுதான் மெல்ல வெளுக்கும். அவளுடைய இயல்பான நிறத்துக்குத் திரும்புவதுதான் குறிக்கோள், சிவப்பழகு இல்லை. இதை அவளிடமும் சொல்லுங்கள். உறவினர்கள் யாராவது 'சரியாகக் குளிப்பதில்லை' என்று பேசினால், அவள் எதிரிலேயே நீங்கள் பதில் சொல்லுங்கள்.

க்ரீம்? யூரியா கலந்ததோ ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த மருந்து) வகையோ தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் உதவும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலிய வைத்து, ரத்தக் குழாய்கள் தெரியச் செய்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது வெறும் வயிற்றில் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை), கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழும், எச்பிஏ1சி 5.7-க்குக் கீழும் இருந்தால் நார்மல். மாதவிடாய் தேதிகளைக் குறித்து எடுத்துப் போங்கள். தள்ளித் தள்ளி வருகிறதா, முகப்பரு அதிகமா, தாடையில் ரோமம் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். இருந்தால் பிசிஓஎஸ் எனும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதற்கும் பெரும்பாலும் இதே இன்சுலின்தான் பின்னணி. வேறு மருந்துகள் சாப்பிடுகிறாள் என்றால் அந்தச் சீட்டும் கையில் இருக்கட்டும், ஸ்டீராய்டு போன்ற சில மாத்திரைகளாலும் இந்தக் கருமை வரும்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று. நடுத்தர வயதுக்கு மேல், எடை ஏறாமல் இளைத்துக்கொண்டே போகும்போது இதே கருமை சில வாரங்களில் திடீரென்று பரவினாலோ, உள்ளங்கை, உதடு, வாய்க்குள் தடித்தாலோ, சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அபூர்வமாக வயிற்றுப் புற்றுநோய் இப்படித் தலைகாட்டும். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.