ஒயின் ருசி எனக்குப் பிடிபடவே இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

"எந்த ஒயினைக் குடித்தாலும் புளிப்பும் கசப்பும்தான் தெரிகிறது, பழ வாசனை, மிளகு வாசனை என்று மற்றவர்கள் சொல்வது எனக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தில் வசிக்கிறேன். ஊரைச் சுற்றி ரைன்ஹெஸ்ஸன், ஜெர்மனியிலேயே பெரிய ஒயின் வட்டாரம். ஒயின் குடிக்கப் பழகியதே இங்கே வந்த பிறகுதான். அதனால் எனக்கு வழி திறந்தது எதுவோ அதைச் சொல்கிறேன்.

ஒரு ஒயினைத் தனியாகக் குடித்துப் பார்க்காதீர்கள். இரண்டை வாங்கி, இரண்டு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மாறி மாறிக் குடியுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதைத் தாண்டி நாக்கு எதுவும் சொல்லாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் "இது அதைவிடப் புளிப்பு, அது வாயில் கனமாக நிற்கிறது" என்று தானாகவே வார்த்தை வந்துவிடும்.

இதை எனக்குக் காட்டியவர் இங்கே ஒரு கிராமத்துத் திராட்சை விவசாயி. வருஷத்தில் நான்கு மாதத்துக்கு மிகாமல் விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே சின்னக் கடை போட்டு, சொந்த ஒயினை ஊற்றித் தரலாம். நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது. அப்படி ஒரு முற்றத்தில், ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் ஒரே வருஷத்து இரண்டை அந்த அம்மா என் முன்னால் வைத்தார். ஒன்று 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பு இல்லாதது. மற்றது 'கபினெட்', பெரும்பாலும் லேசாக இனிக்கும் வகை. குடிப்பதற்கு முன் லேபிளில் ஆல்கஹால் அளவைப் பார்க்கச் சொன்னார். முதலாவது 12.5 சதவீதம், இரண்டாவது 8.5. திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. பாதியில் நிறுத்தினால் ஆல்கஹால் குறைவாக நிற்கும், சர்க்கரை மிச்சமிருக்கும். ஆகவே ஜெர்மன் ரீஸ்லிங்கில் எட்டு, ஒன்பது சதவீதம் என்று பார்த்தால், திறக்காமலே அது இனிப்பு என்று சொல்லிவிடலாம்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு இன்றும் உதவுகிறது. விழுங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டு, தாடையின் இரண்டு பக்கமும் எவ்வளவு எச்சில் ஊறுகிறது என்று கவனிக்கச் சொன்னார். கபினெட் நாக்கில் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கியதும் ட்ரோக்கனுக்குச் சமமாக எச்சில் ஊறியது. புளிப்பு அப்படியே இருக்கிறது, சர்க்கரை அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். இனிப்பு நாக்கை ஏமாற்றும், எச்சில் ஏமாற்றாது.

சரி, கசப்புக்கு வருவோம். நீங்கள் குடித்தது சிவப்பு ஒயின் என்றால், கசப்பு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் துவர்ப்பாக இருக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வழவழப்பு போய் நாக்கும் ஈறும் சொரசொரவென்று வறண்டுவிடும். கொட்டைப்பாக்கு மென்ற வாய்க்கு இது பழக்கப்பட்ட உணர்வுதான். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். டீத்தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு, பால் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். அப்புறம் அதிலேயே பால் விட்டுக் குடியுங்கள். டானினைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்கிவிடும். சிவப்பு ஒயினுக்குச் சீஸ் பொருந்துவதற்கும் இது ஒரு காரணம். துவர்ப்பு வேண்டாம் என்றால் ஷ்பேட்புர்குண்டர், அதாவது பினோ நுவார் நல்ல ஆரம்பம். அதன் பக்கத்தில் துவர்ப்பு கூடிய ஒரு கபர்னே சாவின்யோன் வைத்தால் வித்தியாசம் ஒரே வாயில் தெரியும்.

வாசனை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஒயின் புத்தகங்களில் வரும் பழங்கள் பாதி நாம் சாப்பிட்டு வளராதவை. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை. உங்கள் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இங்கே முஸ்காட்டெல்லர் என்று ஒரு வெள்ளை ஒயின் உண்டு. முதல் தடவை முகர்ந்தபோதே எனக்குக் கம்பம் பன்னீர் திராட்சை வாசனை அடித்தது. பிறகு தேடிப் பார்த்தால் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகமாம், இரண்டுமே மஸ்கட் குடும்பம். எனக்கு அன்று உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் கொய்யா வாசனை வருவதும் கற்பனை இல்லை, அந்த வாசனைக்கான சேர்மங்கள் கொய்யாவிலும் இருக்கின்றன. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை என்கிறார்களே, அதைத் தருவது ரோட்டண்டோன். நம் மிளகிலும் அதே பொருள்தான். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அதை முகரவே முடியாது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆகவே மிளகு வரவில்லை என்றால் குறை உங்கள் பழக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எழும்பாது. வெள்ளைக்குச் சுமார் 10 டிகிரி, சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும். நம் ஊர் வெயிலில் சிவப்பையும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது கார்க் கெடுத்த ஒயின், உணவகத்தில் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டோடு குடிப்பதாக இருந்தால் காரத்தைக் கவனியுங்கள். மிளகாய்க் காரத்தோடு ஆல்கஹாலும் டானினும் அதிகமுள்ள சிவப்பைக் குடித்தால் எரிச்சல் கூடும். செட்டிநாட்டுக் கோழி வறுவலுக்கு நான் எப்போதும் எடுப்பது அந்தக் கபினெட் ரீஸ்லிங்தான். இனிப்பு காரத்தை அடக்கும், புளிப்பு எண்ணெயை வெட்டும்.

உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதற்காகக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ருசி பார்க்க விழுங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இங்கே விவசாயிகள் ருசி பார்க்கும் மேசையில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் இந்தியாவில் இருந்தால் இதற்கெல்லாம் ஜெர்மன் ஒயின் தேட வேண்டியதில்லை. நாசிக்கில் ஒரே நிறுவனம் செய்யும் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் ஒன்று, சாவின்யோன் பிளாங்க் ஒன்று வாங்கி, நண்பர் ஒருவரோடு பங்குபோட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். எது எச்சிலை அதிகம் ஊறவைக்கிறது, எதில் கொய்யா வருகிறது என்று பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்து எந்த இரண்டு வாங்கலாம் என்று சொல்கிறேன்.